குற்றச்சாட்டும் பங்கு விலையும்

முன்னுரை

தமிழில் ‘நாணயம்’ என்னும் ஒரே சொல் காசையும் குறிக்கின்றது, நேர்மையையும் குறிக்கின்றது. கடைத்தெருவில் வாழ்ந்த நம் முன்னோர் இவ்விரண்டையும் வேறு வேறாக எண்ணவில்லை என்பதற்கு இச்சொல்லே சான்றாகும். ஒரு வணிகரின் நாணயம் கெட்டுவிட்டது என்ற பேச்சு மாலையில் எழுந்தால், மறுநாள் காலையில் அவருக்குக் கடனுக்குச் சரக்குத் தருவார் எவரும் இலர். அவருடைய கிடங்கில் இருந்த மூட்டைகள் ஒன்றும் குறைந்திருக்க மாட்டா. ஆயினும் அவருடைய வணிகத்தின் மதிப்பு ஓரிரவில் குறைந்து போயிருக்கும்.

இன்றைய பெருநிறுவனங்களின் நிலையும் இதுவே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அன்று கடையின் உரிமையாளரே அதனை நடத்தினார். அவர் தவறினால் இழப்பும் அவரையே சார்ந்தது. இன்றோ நிறுவனத்திற்கு உரிமையாளர் பல இலட்சம் பங்குதாரர். அதனை நடத்துவோர் சிலர். அச்சிலருள் ஒருவர்மீது குற்றச்சாட்டு எழுந்தால் பங்கு விலை சரிகின்றது. தவறிழைத்தவர் ஒருவராகவும் இழப்பவர் மற்றொருவராகவும் இருக்கும் நிலை ஏற்படுகின்றது.

‘நாம் பங்கு வாங்குவதில்லை, நமக்கு இதனால் என்ன?’ என்று ஒதுங்கிவிடவும் இயலாது. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி 2015ஆம் ஆண்டு முதல் தன் புதிய முதலீட்டின் ஒரு பகுதியைப் பங்குச்சந்தை சார்ந்த நிதிகளில் இட்டு வருகின்றது. தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் பணமும், பரஸ்பர நிதிகளில் நடுத்தரக் குடும்பங்கள் மாதந்தோறும் செலுத்தும் பணமும் அங்கே செல்கின்றன. எனவே நிறுவனத் தலைவர்கள்மீது எழும் குற்றச்சாட்டுகளும், அவற்றைத் தொடரும் வழக்குகளும் பங்கு விலையை எவ்வாறு தாக்குகின்றன, அந்த இழப்பை இறுதியில் சுமப்பவர் யார் என்பவற்றை இக்கட்டுரையில் காண முற்படுகின்றோம்.

பங்கு விலை என்பது யாது?

ஒரு பங்கின் விலை என்பது, அந்நிறுவனம் இனிவரும் ஆண்டுகளில் ஈட்டவிருக்கும் இலாபத்தைப் பற்றிச் சந்தை கொண்டுள்ள நம்பிக்கையின் இன்றைய மதிப்பே ஆகும். இதில் இரண்டு கூறுகள் உள. ஒன்று, எவ்வளவு இலாபம் வரும் என்னும் எதிர்பார்ப்பு. மற்றொன்று, அந்த எதிர்பார்ப்பை எவ்வளவு நம்பலாம் என்னும் மதிப்பீடு.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு நிறுவனம் பங்கொன்றுக்கு ஆண்டுக்கு 10 ரூபாய் இலாபம் ஈட்டுவதாகக் கொள்வோம். அதன் தலைமையை நம்பும் சந்தை, அவ்விலாபத்தைப் போல் 20 மடங்கு கொடுத்து அப்பங்கை வாங்குகின்றது. விலை 200 ரூபாய். பின்னர்த் தலைவர்மீது ஒரு குற்றச்சாட்டு எழுகின்றது. வாடிக்கையாளர் சிலர் விலகுவர், வழக்குச் செலவு வரும் என்று கருதிச் சந்தை இலாபத்தை 8 ரூபாயாகக் குறைத்து மதிப்பிடுகின்றது. அத்துடன் நில்லாது, ‘இக்கணக்கையே நம்பலாமா?’ என்னும் ஐயத்தால் 20 மடங்கு கொடுத்தவர் 12 மடங்கே கொடுக்க முன்வருகின்றனர். விலை 96 ரூபாய் ஆகிவிடுகின்றது. எதிர்பார்த்த இலாபம் ஐந்தில் ஒரு பங்கே குறைந்தது. விலையோ பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. எஞ்சிய சரிவு முழுவதும் நம்பிக்கை குறைந்ததன் விளைவு. குற்றச்சாட்டுச் செய்தி வந்தவுடன் பங்கு விலை அளவுக்கு மீறி வீழ்வதாக நமக்குத் தோன்றுவதன் காரணம் இதுவே.

சத்யம் தந்த பாடம்

நம் நாட்டிலேயே நிகழ்ந்த பெரும் எடுத்துக்காட்டு ஐதராபாத்தைச் சேர்ந்த சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனமாகும். 1987ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இந்நிறுவனம், 2008ஆம் ஆண்டில் 50,000க்கும் மேற்பட்ட ஊழியர்களைக் கொண்டதாய், நியூயார்க் பங்குச் சந்தையிலும் இடம்பெற்றதாய் விளங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் நிறுவன நன்னிர்வாகத்திற்கான ‘கோல்டன் பீக்காக்’ விருதும் அதற்கு வழங்கப்பெற்றது.

2008 டிசம்பர் 16 அன்று, மேட்டாஸ் என்னும் பெயர் கொண்ட இரு நிறுவனங்களை ஏறத்தாழ 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகச் சத்யம் அறிவித்தது. சத்யம் என்பதன் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் மேட்டாஸ் என வரும். அவ்விரு நிறுவனங்களும் சத்யத்தின் தலைவர் இராமலிங்க ராஜுவின் குடும்பத்தைச் சார்ந்தவை. பங்குதாரரின் பணத்தைத் தலைவரின் குடும்ப நிறுவனங்களுக்கு மாற்றும் முயற்சியாகவே முதலீட்டாளர் இதனைக் கண்டனர். நியூயார்க்கில் அன்றே சத்யத்தின் பங்கு பாதிக்கு மேல் வீழ்ந்தது. சில மணி நேரத்திற்குள் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் கைவிடப்பட்ட திட்டத்தோடு ஐயம் மறைந்துவிடவில்லை. சில நாட்களில், உலக வங்கி தன் பணிகளில் இந்நிறுவனத்தை எட்டு ஆண்டுகளுக்கு விலக்கி வைத்திருந்த செய்தி வெளியாயிற்று. மாத இறுதிக்குள் இயக்குநர் நால்வர் பதவி விலகினர்.

2009 ஜனவரி 7 காலையில் இராமலிங்க ராஜு இயக்குநர் குழுவிற்கு எழுதிய கடிதம் வெளியாயிற்று. கையிருப்பாகவும் வங்கி இருப்பாகவும் காட்டப்பட்ட 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லாத பணம் என்று அதில் அவரே ஒப்புக்கொண்டார். 2008 செப்டம்பரில் முடிந்த காலாண்டில் வருவாய் 2,700 கோடி என்றும் செயற்பாட்டு இலாபம் 649 கோடி என்றும் காட்டப்பட்டிருந்தன. உண்மையில் வருவாய் 2,112 கோடியும் இலாபம் 61 கோடியுமே என்றார். புலிமேல் ஏறிச் சென்றவன் அதற்கு இரையாகாமல் இறங்கும் வழியறியாது தவிக்கும் நிலை தமக்கு நேர்ந்ததாகவும் எழுதினார்.

முந்தைய நாள் மும்பைச் சந்தையில் 179 ரூபாய் 10 காசாக இருந்த பங்கு, அன்று மாலை 39 ரூபாய் 95 காசாக முடிந்தது. நூறு பங்கு வைத்திருந்தவரின் 17,910 ரூபாய் ஒரே பகலில் 3,995 ரூபாய் ஆயிற்று. அவ்வாரத்திற்குள்ளேயே விலை ஒரு கட்டத்தில் 11 ரூபாய் 50 காசு வரை இறங்கியது. 2008ஆம் ஆண்டில் அதே பங்கு 544 ரூபாய் வரை விற்றது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். தவறேதும் செய்யாத பிற நிறுவனங்களும் தப்பவில்லை. அன்று மும்பைக் குறியீட்டெண் 749 புள்ளிகள், அதாவது ஏழு விழுக்காட்டிற்கு மேல், சரிந்தது. ஒரு கடையில் கள்ளத் தராசு பிடிபட்டால் அத்தெருவில் உள்ள எல்லாத் தராசுகளையும் மக்கள் ஐயுறுவது இயல்பன்றோ!

இச்சரிவை விரைவுபடுத்திய மற்றொரு காரணத்தையும் குறிப்பிட வேண்டும். நிறுவனர் குடும்பத்தின் கையில் இருந்த பங்குகள் பத்து விழுக்காட்டிற்கும் குறைவு. அவையும் கடனுக்கு அடமானமாக வைக்கப்பட்டிருந்தன. விலை இறங்க இறங்க, கடன் கொடுத்தவர்கள் அடமானப் பங்குகளை விற்றுத் தம் பணத்தை மீட்க முற்பட்டனர். அவ்விற்பனையால் விலை மேலும் இறங்கியது.

நடுவண் அரசு பழைய இயக்குநர் குழுவைக் கலைத்துப் புதிய குழுவை அமர்த்தியது. 2009 ஏப்ரலில் டெக் மகிந்திரா நிறுவனம் பங்கொன்றுக்கு 58 ரூபாய் விலையில், 1,757 கோடி ரூபாய்க்கு 31 விழுக்காட்டுப் பங்குகளைப் பெற ஏலத்தில் வென்றது. ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் இருந்தமையால் தொழில் பிழைத்தது. 2013இல் அந்நிறுவனம் டெக் மகிந்திராவுடன் இணைந்தது. பழைய பங்குதாரரின் பணம் மட்டும் திரும்பவில்லை.

தண்டத்தொகையினும் பெரியது

தவறு வெளிப்பட்ட நிறுவனத்தின் மதிப்பு குறைவதை மூன்று கூறாகப் பிரித்துக் காணலாம். முதலாவது, பொய்க் கணக்கால் முன்பே ஊதிப் பெருத்திருந்த விலை உண்மை நிலைக்கு இறங்குதல். இரண்டாவது, அரசும் நீதிமன்றமும் விதிக்கக்கூடிய தண்டம், இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவை. மூன்றாவது, நற்பெயர் இழப்பு. வாடிக்கையாளர் விலகுவர், சரக்குத் தருவோர் ரொக்கம் கேட்பர், வங்கிகள் வட்டியை உயர்த்தும், திறமையான ஊழியர் வேறிடம் தேடுவர்.

இம்மூன்றில் பெரியது எது? அமெரிக்கப் பேராசிரியர்களான ஜோனதன் கார்ப்பாஃப், ஸ்காட் லீ, ஜெரால்டு மார்ட்டின் ஆகிய மூவர், 1978 முதல் 2002 வரை கணக்குப் புரட்டுக்காக அந்நாட்டு அரசின் நடவடிக்கைக்கு உள்ளான 585 நிறுவனங்களை ஆராய்ந்து 2008இல் முடிவுகளை வெளியிட்டனர். பொய்யாக உயர்த்தப்பட்ட ஒவ்வொரு டாலருக்கும், அந்த ஒரு டாலரோடு மேலும் 3 டாலர் 8 சென்ட்டை நிறுவனங்கள் சராசரியாக இழந்தன என்பது அவர்கள் கண்ட முடிவு. அம்மிகை இழப்பில் சட்டத் தண்டனைகளுக்கு உரியது 36 சென்ட்டே. 2 டாலர் 71 சென்ட் நற்பெயர் இழப்பால் நேர்ந்தது. நற்பெயர் இழப்பு சட்டத் தண்டனையைப் போல் ஏழரை மடங்கு என்பது இதனால் விளங்கும். நீதிபதி தீர்ப்பு எழுதுமுன்னரே சந்தை தன் தீர்ப்பை எழுதிவிடுகின்றது. அத்தீர்ப்பு நீதிமன்றத் தீர்ப்பினும் கடுமையானது.

தனிமனித ஒழுக்கம் பற்றிய குற்றச்சாட்டுகள்

கணக்கில் புரட்டு எதுவும் இல்லாமல், தலைவரின் தனி ஒழுக்கம் பற்றிய குற்றச்சாட்டு எழுந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் வின் ரிசார்ட்ஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அது சூதாட்ட விடுதிகளை நடத்துவது. அத்தொழிலின் தகுதி பற்றி நாம் ஈண்டுப் பேச வரவில்லை. அதன் நிறுவனரும் தலைவருமான ஸ்டீவ் வின், பெண் ஊழியர்களிடம் பல ஆண்டுகளாகத் தகாத முறையில் நடந்துகொண்டார் என்னும் செய்தி 2018 ஜனவரி 26 அன்று வெளியாயிற்று. அவர் அதனை மறுத்தார். எனினும் அன்றே பங்கு ஏறத்தாழ 10 விழுக்காடு வீழ்ந்தது. மதிப்பில் அது சுமார் 200 கோடி டாலர். பிப்ரவரி 6 அன்று அவர் பதவி விலகினார். பின்னர் 2019இல் நெவாடா மாநில ஆணையம் 2 கோடி டாலரும், மாசசூசெட்ஸ் மாநில ஆணையம் 3 கோடியே 50 இலட்சம் டாலரும் நிறுவனத்திற்குத் தண்டம் விதித்தன. இரண்டையும் கூட்டினாலும் முதல் நாள் சரிவின் சிறு பகுதியே. சந்தை அஞ்சியது தண்டத்திற்கன்று. அத்தொழிலை நடத்துவோர் உரிமம் பெறத் தக்கவரா என்று அரசு ஆராயும் வழக்கம் அங்கு உண்டு. உரிமமே போய்விட்டால் தொழிலே இல்லை என்பதே அச்சம்.

ஹியூலெட் பேக்கர்டு என்னும் கணிப்பொறி நிறுவனத்தில் நிகழ்ந்தது வேறு வகையானது. அதன் தலைமைச் செயல் அலுவலர் மார்க் ஹர்டு மீது பாலியல் தொல்லை பற்றிய புகார் எழுந்தது. நிறுவனம் நடத்திய விசாரணையில் அப்புகார் மெய்ப்படவில்லை. ஆயினும் செலவுக் கணக்குகளில் நிறுவன ஒழுக்க விதிகளுக்கு மாறான குறைகள் காணப்பட்டமையால் 2010 ஆகஸ்ட் 6 அன்று அவர் விலகினார். அடுத்த வணிக நாளில் பங்கு சுமார் 8 விழுக்காடு சரிந்தது. இங்குச் சந்தை வருந்தியது, இலாபம் ஈட்டித் தந்த ஒருவர் நீங்கியதற்காக. தனியொருவரின் திறமையையே நம்பி நிற்கும் நிறுவனத்திற்கு அவருடைய ஒழுக்கமும் ஒரு முதல் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

வழக்குகளும் அவற்றின் வகைகளும்

பங்கு விலை சரிந்தபின் தொடரும் வழக்குகளை மாணவர்கள் பிரித்தறிதல் வேண்டும். முதல் வகை, அரசும் ஒழுங்குமுறை அமைப்புகளும் தொடுப்பவை. நம் நாட்டில் செபி என வழங்கும் பங்குச் சந்தை வாரியம் தண்டம் விதிக்கலாம்; முறையற்ற ஆதாயத்தைத் திருப்பித் தரச் செய்யலாம்; சந்தையில் ஈடுபடத் தடை விதிக்கலாம். இரண்டாம் வகை, குற்றவியல் வழக்கு. மூன்றாம் வகை, ஏமாற்றப்பட்ட பங்குதாரர் பலர் ஒன்றுகூடி இழப்பீடு கோரும் குழு வழக்கு. நான்காம் வகை, நிறுவனத்திற்குத் தீங்கு செய்த இயக்குநர்கள்மீது நிறுவனத்தின் சார்பில் பங்குதாரர் தொடுக்கும் வழக்கு. நான்காம் வகையில் கிடைக்கும் பணம் நிறுவனத்திற்கே சேரும்.

அமெரிக்காவில் ஒரு பங்கு சடுதியில் வீழ்ந்தால், பாதிக்கப்பட்டோர் தம்மை அணுகலாம் என்று வழக்குரைஞர் அலுவலகங்கள் சில நாட்களிலேயே விளம்பரம் செய்வதுண்டு. எனவே வழக்குத் தொடுக்கப்பட்டது என்ற செய்தி மட்டுமே குற்றத்திற்குச் சான்றாகாது. ஹியூலெட் பேக்கர்டு பங்குதாரர் தொடுத்த வழக்கும் இதற்குச் சான்று. நேர்மை விதிகளை வெளியிட்ட தலைவர் தாமே அவற்றை மீறியமையால் நாங்கள் ஏமாற்றப்பட்டோம் என அவர்கள் வாதிட்டனர். அத்தகைய விதிகள் நிறுவனம் எய்த விரும்பும் நிலையைக் கூறுவனவே அன்றி உறுதிமொழி அல்ல எனக் கொண்டு, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் அதனை ஏற்க மறுத்தது. பொய்க் கணக்கை வழக்கில் எண்ணால் காட்டலாம். ஒழுக்கக் கேட்டால் நேர்ந்த இழப்பை அவ்வாறு காட்டுதல் அரிது.

இழப்பீட்டைத் தருபவர் யார்?

இவ்வினாவே நம் கட்டுரையின் மையமாகும். சத்யம் பங்குகளை வாங்கி ஏமாந்தோர் அமெரிக்காவில் தொடுத்த குழு வழக்கு 2011இல் சமரசமாக முடிந்தது. நிறுவனம் 12 கோடியே 50 இலட்சம் டாலரும், தணிக்கை நிறுவனம் 2 கோடியே 55 இலட்சம் டாலரும் தர இசைந்தன. ஆனால் அப்பணம் நியூயார்க் சந்தையில் பங்கு வாங்கியோர்க்கும், இந்தியச் சந்தைகளில் வாங்கிய அமெரிக்கவாழ் முதலீட்டாளர்க்கும் உரியதாயிற்று. மும்பைச் சந்தையில் அதே பங்கை வாங்கிய இந்தியக் குடும்பத்திற்கு அதில் உரிமை இல்லை.

அத்துடன் முடியவில்லை. அந்த 12 கோடியே 50 இலட்சம் டாலர் இராமலிங்க ராஜுவின் பணமன்று, நிறுவனத்தின் பணம். நிறுவனத்தின் பணம் என்பது அன்று பங்குதாரராய் இருந்தோரின் பணம். விற்காமல் பொறுத்திருந்த இந்தியப் பங்குதாரர் முதலில் விலைச் சரிவால் இழந்தார். பின்னர் பிறர்க்குத் தரப்பட்ட இழப்பீட்டிலும் தம் பங்கைச் சுமந்தார். ஒருமுறை கொள்ளை போன வீட்டில், வீட்டுக்காரரையே மற்றவர் இழப்பிற்கும் பணம் கட்டச் சொன்னது போன்றது இது. பல வழக்குகளில் இயக்குநர்களுக்காக எடுக்கப்பட்ட காப்பீடு ஒரு பகுதியைத் தரும். அக்காப்பீட்டின் தவணையையும் நிறுவனமே கட்டுகின்றது என்பதை மறத்தலாகாது.

குற்றவாளிகள் தண்டனை பெறவில்லையா எனலாம். 2014 ஜூலையில் செபி, ராஜு உள்ளிட்ட ஐவரைச் சந்தையிலிருந்து 14 ஆண்டு விலக்கியதோடு, 1,849 கோடி ரூபாயை வட்டியுடன் திருப்பித் தரவும் ஆணையிட்டது. அவ்வாணைமீது மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2015 ஏப்ரல் 9 அன்று ஐதராபாத் சிறப்பு நீதிமன்றம், தணிக்கையாளர் இருவர் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அடுத்த மாதமே மேல்முறையீட்டில் அவர்கள் பிணையில் வெளிவந்தனர். பங்கு விலை சரிய ஒரு பகல் போதுமானதாய் இருந்தது. தீர்ப்பு வர ஆறாண்டுகள் ஆயின.

இந்நிகழ்ச்சியின் விளைவாகச் சட்டத்தில் சில நன்மாற்றங்கள் வந்தன. 2013ஆம் ஆண்டின் நிறுமச் சட்டம் 245ஆம் பிரிவில் குழு வழக்கிற்கு இடமளித்தது. 2016 முதல் நடைமுறைக்கு வந்த அப்பிரிவின்படி, பங்குதாரர் நூறு பேர் ஒன்றுகூடினால், இயக்குநர், தணிக்கையாளர் ஆகியோர்மீது தேசிய நிறுமச் சட்டத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோரலாம். 2015ஆம் ஆண்டின் செபி விதிமுறைகள், நிறுவனர்களோ உயர் அலுவலர்களோ மோசடியில் ஈடுபட்டாலும் கைது செய்யப்பட்டாலும் அதனைப் பங்குச் சந்தைக்கு அறிவிக்க வேண்டும் என்கின்றன.

குற்றச்சாட்டு மெய்ப்படாவிடின்?

இதுவரை கூறியவற்றால், குற்றச்சாட்டு எழுந்தவுடன் பங்கை விற்றுவிடுவதே அறிவுடைமை என்று கருதிவிடலாகாது. 2019 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலர் மீதும் நிதி அலுவலர் மீதும், கணக்கில் முறைகேடு செய்ததாகப் பெயர் குறிப்பிடாத ஊழியர்கள் எழுதிய கடிதம் வெளியாயிற்று. அக்டோபர் 22 அன்று அதன் பங்கு சுமார் 16 விழுக்காடு வீழ்ந்தது. ஒரு நாளில் ஏறத்தாழ 53,000 கோடி ரூபாய் மதிப்புக் குறைந்தது. அமெரிக்காவில் குழு வழக்கும் தொடுக்கப்பட்டது.

நிறுவனத்தின் தணிக்கைக் குழு வெளி வல்லுநர் துணையுடன் விசாரணை நடத்தியது. முறைகேட்டிற்குச் சான்று இல்லை என 2020 ஜனவரி 10 அன்று அறிவித்தது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் மேல்நடவடிக்கையின்றி மார்ச்சில் தன் விசாரணையை முடித்துக்கொண்டது. வழக்கும் மே மாதம் தொடுத்தவராலேயே திரும்பப் பெறப்பட்டது. முதல் நாள் அச்சத்தில் இழந்த விலையைப் பங்கு ஜனவரி நடுவிலேயே பெரும்பாலும் மீட்டுவிட்டது. இடையில் அஞ்சி விற்றவர்க்கோ இழப்பு நிலையாயிற்று.

சத்யத்தில் பொறுத்தவர் இழந்தார். இன்ஃபோசிஸில் பொறுக்காதவர் இழந்தார். அங்ஙனமாயின் சிறு முதலீட்டாளர் எதனைக் கொண்டு முடிவு செய்வது?

நோக்கத்தக்கன

முதலாவதாக, குற்றச்சாட்டு கணக்கைப் பற்றியதா, தனி ஒழுக்கத்தைப் பற்றியதா என்று காண வேண்டும். கணக்கைப் பற்றியதாயின் நாம் இதுவரை அறிந்த எண்கள் அனைத்தும் ஐயத்திற்கு உரியன. தனி ஒழுக்கமாயின், அத்தலைவர் இன்றியும் தொழில் நடக்குமா என்பதே வினா.

இரண்டாவதாக, விசாரிப்பவர் யார் என்று நோக்க வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவரின் கீழுள்ளவரே விசாரித்தால் அதனால் பயன் சிறிது. சுயேச்சை இயக்குநர்கள் வெளியாரைக் கொண்டு விசாரித்து, முடிவை வெளிப்படையாக அறிவித்தால் அதற்கு மதிப்பு உண்டு.

மூன்றாவதாக, வெளியேறுவோரைக் கவனிக்க வேண்டும். தணிக்கையாளரோ, நிதி அலுவலரோ, சுயேச்சை இயக்குநரோ தக்க காரணம் கூறாமல் அடுத்தடுத்து விலகினால் அது பேசாமற் பேசும் செய்தி. சத்யத்தில் கடிதம் வெளியாவதற்கு முன்பே அச்செய்தி வந்துவிட்டது.

நான்காவதாக, நிறுவனர்களின் பங்குகள் எவ்வளவு அடமானத்தில் உள்ளன, குடும்ப நிறுவனங்களோடு கொடுக்கல் வாங்கல் எவ்வளவு என்பவற்றை ஆண்டறிக்கையில் பார்க்கலாம். கையில் பெரும் பணம் இருப்பதாகக் காட்டும் நிறுவனம் ஏன் கடன் வாங்குகின்றது என்று கேட்பதும் தகும்.

இறுதியாக, எவ்வளவு ஆராய்ந்தாலும் வெளியே இருப்பவர்க்கு உள்ளே நடப்பது முழுவதும் தெரியாது. விருது வழங்கியோரும் ஏமாந்தனர். ஆகவே ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதையும் ஒரே நிறுவனத்தில் இடாமையே சிறியோர்க்கு உரிய முதற் காப்பாகும். தாம் பணிபுரியும் நிறுவனத்திலேயே சேமிப்பையும் இடுவோர், ஒரே நாளில் ஊதியத்தையும் சேமிப்பையும் இழக்க நேரிடலாம்.

முடிவுரை

நிறுவனத் தலைவர் ஒருவர் தவறிழைத்தால், சட்டம் விதிக்கும் தண்டத்தைவிட நம்பிக்கை இழப்பால் வரும் இழப்பே பெரிது என்பதையும், அவ்விழப்பைப் பெரும்பாலும் தவறிழைக்காதவரே சுமக்கின்றனர் என்பதையும் இதுகாறும் கண்டோம். பிறர் பொருளையும் தம் பொருள்போற் காத்து வணிகம் செய்ய வேண்டும் என்னும் அறத்தை வள்ளுவர், பொருட்பாலில் வைக்காமல் அறத்துப்பாலில் ‘நடுவு நிலைமை’ அதிகாரத்தில் வைத்தமை ஈண்டு எண்ணத்தக்கது. பிறர் பொருள் நம் கையில் இருக்கும்போது அது அமானிதம். அதற்கு நாம் உரிமையாளர் அல்லர், காவலரே.

இக்கல்லூரியில் பயிலும் மாணவச் செல்வங்களுள் சிலர் நாளை கணக்கர் ஆகலாம், தணிக்கையாளர் ஆகலாம், ஒரு நிறுவனத்தின் தலைமையையே ஏற்கலாம். அன்று ஒரு தாளில் கையொப்பம் இடுமுன், அத்தாளை நம்பித் தம் வாழ்நாள் சேமிப்பை இட்டிருக்கும், முகமறியாத ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரை நினைத்துப் பார்ப்பார்களாக. அக்கையொப்பம் பொய்யாயின், முதலில் இழப்பவர் அவரே.